மலை ஈரத்தில் பழைய தச்சுக் கருவிகளைச் சீர்செய்து காக்கும் முறை

நீலகிரியில் பழைய தச்சுக் கருவிகள் இன்றும் கிடைக்கின்றன. தோட்ட பங்களாக்களின் சாமான் அறைகளைக் காலி செய்யும்போதும், வயதான ஆசாரிகளின் வீட்டுப் பரண்களிலும், குன்னூர், கோத்தகிரிப் பக்கத்துப் பழைய இரும்புக் கடைகளில் எடைக்குப் போடும் குவியல்களிலும் உளிகளும் இழைப்புளிகளும் ரம்பங்களும் துருவேறிக் கிடக்கின்றன. அவற்றில் பல, இன்று புதிதாக வாங்கும் கருவிகளைவிட நல்ல எஃகால் ஆனவை. ஆனால் ஓர் உளியில் இருக்கும் எஃகு அளவானது. தீட்டும் ஒவ்வொரு முறையும் அதில் சிறிது கரைகிறது, கரைந்தது திரும்பி வருவதில்லை. ஆகவே தேவைக்கு மேல் எஃகை இழக்காமல் கருவியை வேலைக்குக் கொண்டுவருவதும், கொண்டுவந்த பின் இந்த மலையின் ஈரத்திலிருந்து அதைக் காப்பதுமே கீழே நான் சொல்லும் முறைகளின் நோக்கம்.

இதை நான் ஒரு தவறிலிருந்து கற்றேன். என் தாத்தா கோத்தகிரிக்கு அருகே ஒரு தேயிலைத் தோட்டத்தில் தச்சராக இருந்தவர். அவருடைய பெட்டியைப் பல ஆண்டுகளுக்குப் பிறகு திறந்தபோது, விளிம்பு உடைந்திருந்த ஓர் அங்குல உளியை அவசரப்பட்டு ஒரு சாணைக் கடையில் கொடுத்துவிட்டேன். பத்து நிமிடத்தில் பளபளவென்று வந்தது. விளிம்பை ஒட்டி மயில்கழுத்து நிறத்தில் ஒரு பட்டை ஓடியது. அதை அழகு என்று எண்ணினேன். மறுநாள் சில்வர் ஓக் கட்டையில் நான்கு அடி அடித்ததும் விளிம்பு தகரம் போல மடங்கிவிட்டது. அந்த நீலம், மின்சாணையின் சூட்டில் எஃகு ஏறக்குறைய 300 டிகிரி வரை காய்ந்து பதம், அதாவது கடினத்தன்மை, இழந்ததற்கான அடையாளம். பதம் போன பகுதி முழுவதையும் கையால் தேய்த்து நீக்க எனக்கு மூன்று நாள் பிடித்தது. தாத்தா முப்பது ஆண்டுகளில் செலவழித்திருக்கக்கூடிய எஃகை அந்த ஒரு தவறு தின்றுவிட்டது.

எதை எடுப்பது, எதை விடுவது

துருவின் நிறத்தைப் பார்த்து அஞ்ச வேண்டியதில்லை. அதன் ஆழத்தைத்தான் பார்க்க வேண்டும். உளிக்கு இரண்டு முகங்கள் உண்டு. ஒன்று சாய்வு முகம். மற்றொன்று தட்டையான முதுகு. இந்த இரண்டும் சந்திக்கும் கோடுதான் கூர். சாய்வு முகத்தில் எவ்வளவு துரு இருந்தாலும் தீட்டத் தீட்டப் போய்விடும். முதுகில், விளிம்பை ஒட்டிய இரண்டு விரற்கடைக்குள் அம்மைத் தழும்பு போல ஆழமான குழிகள் இருந்தால், தீட்டித் தேயும்போது ஒவ்வொரு குழியும் விளிம்புக்கு வந்து பல் விழுந்தது போலத் தெரியும். அப்படிப்பட்ட உளியை விட்டுவிடுவது நல்லது. இரும்பு இழைப்புளி என்றால் வாயை, அதாவது தகடு வெளியே நீளும் பிளவை, சுற்றியும் பக்கச் சுவர்களிலும் மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதன் உடல் வார்ப்பிரும்பு. கீழே விழுந்தால் வளையாது, விரிசல் விடும்.

பழைய ஆங்கிலேய உளிகளில் ‘கேஸ்ட் ஸ்டீல்’ என்று முத்திரை இருக்கும். அதை வார்ப்பிரும்பு என்று நினைத்துக் கழித்துவிடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். உண்மையில் அது மூசையில், அதாவது உலோகம் உருக்கும் மண்குடுவையில், உருக்கி எடுத்த உயர்ந்த எஃகைக் குறிக்கும் முத்திரை. ஷெஃபீல்டில் பெஞ்சமின் ஹன்ட்ஸ்மன் 1740களில் உருவாக்கிய முறையின் வழி வந்தது. மூசையில் எஃகு செய்வது நமக்கும் புதிதன்று; நொய்யல் கரையில் கொடுமணல் அகழாய்வில் அத்தகைய உலைகளின் தடயங்கள் கிடைத்திருக்கின்றன. ‘உருக்கு’ என்ற சொல்லே அந்தத் தொழிலைத் தன்னுள் வைத்திருக்கிறது.

பழைய இழைப்புளித் தகடுகள் சிலவற்றில் இன்னொன்றையும் காணலாம். சாய்வு முகத்தைச் சற்றுத் தேய்த்துவிட்டு வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால், குறுக்கே ஒரு மெல்லிய கோடு தெரியும். கோட்டுக்கு ஒருபுறம் மங்கிய சாம்பல் நிறம், மறுபுறம் கண்ணாடி போன்ற மினுமினுப்பு. மங்கியது மெல்லிரும்பு, மின்னுவது அதன்மேல் காய்ச்சி ஒட்டிய கடின எஃகு. அந்த எஃகு மெல்லிய ஏடாக முதுகுப் பக்கத்தில்தான் இருக்கும். ஆகவே இத்தகைய தகட்டின் முதுகை அளவு மீறித் தேய்த்தால், கூர் தாங்கும் பகுதியையே அழித்துவிடுவோம்.

துரு நீக்குதல்

மேலோட்டமான துருவுக்கு மெஷின் எண்ணெயும் பாத்திரம் துலக்கும் இரும்பு நாரும் போதும். பற்றிப்பிடித்த துருவுக்கு நான் எலுமிச்சை உப்பை (சிட்ரிக் அமிலம்) பயன்படுத்துகிறேன். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 50 கிராம் கலந்து, பிளாஸ்டிக் தொட்டியில் ஊற்றி, மரப்பிடியையும் பித்தளைப் பகுதிகளையும் கழற்றிவிட்டு இரும்பை மட்டும் முழுவதும் மூழ்கும்படி வைக்க வேண்டும். மணிக்கு ஒருமுறை எடுத்து நார்த் தூரிகையால் தேய்த்துப் பார்க்க வேண்டும். பெரும்பாலும் நான்கிலிருந்து ஆறு மணி நேரத்தில் துரு கருஞ்சேறாகக் கழன்றுவிடும். இரவு முழுவதும் ஊறட்டும் என்று விட்டுவிடக் கூடாது. துருவைத் தின்று முடித்த அமிலம் அடுத்து எஃகைத் தின்னத் தொடங்கும். வினிகரிலும் இதே முறைதான்; வேகம் குறைவு. பழைய பெயிண்ட் பூசிய கருவியாக இருந்தால் அதில் ஈயம் கலந்திருக்கக்கூடும். அதை உலர்ந்த நிலையில் தேய்த்துத் தூசி கிளப்பாமல், நனைத்து, முகக்கவசம் அணிந்து நீக்க வேண்டும்.

அமிலத்திலிருந்து எடுத்த இரும்பு நிமிடங்களில் மீண்டும் துருவேறும். உடனே சமையல் சோடா கலந்த நீரில் கழுவி, பிறகு கொதிக்கும் நீரில் ஓரிரு நிமிடம் முக்கி எடுக்கிறேன். உதகையின் 2,240 மீட்டர் உயரத்தில் தண்ணீர் ஏறக்குறைய 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். அந்தச் சூடே இதற்குப் போதும், அதனால் எஃகின் பதத்துக்கும் கேடு இல்லை. எடுத்தவுடன் இரும்பின் சூட்டிலேயே ஈரம் ஆவியாகிவிடும். குழிகளுக்குள் தங்கிய நீரும் போய்விடும். கை பொறுக்கும் சூடு இருக்கும்போதே எண்ணெய் பூசிவிட வேண்டும்.

துரு நீங்கிய இரும்பு சாம்பல் நிறத்தில் வெறுமையாகத் தெரியும். அதற்கு ஒரு கறுப்புப் பூச்சு வேண்டுமென்றால் நம் ஊர்ச் சரக்கே போதும். டஸ்ட் தேயிலையைக் கெட்டியாகக் கொதிக்க வைத்து, ஆறிய சாயத்தில் சிறிது வினிகர் விட்டு, எண்ணெய்ப் பசையில்லாமல் கழுவிய உளியைச் சில மணி நேரம் ஊறவைத்தால், தேயிலையின் துவர்ப்புச் சத்து இரும்புடன் சேர்ந்து நீலம் பாய்ந்த கருமையாகப் படியும். கூர்முகங்களைப் பின்னர் தீட்டும்போது அது போய்விடும், உடற்பகுதியில் தங்கும். ஆனாலும் அதை மட்டும் நம்பி எண்ணெய் பூசாமல் விடக் கூடாது.

முதுகும் சாய்வும்

தீட்டுவதற்கு விலையுயர்ந்த கற்கள் வேண்டியதில்லை. ஒருபுறம் சொரசொரப்பும் மறுபுறம் நயமும் உள்ள கார்போரண்டம் கல் ஒன்று, 10 மில்லிமீட்டர் கனமுள்ள கண்ணாடித் துண்டு ஒன்று, 120 முதல் 2000 எண் வரையிலான வாட்டர் பேப்பர்கள், ஒரு மரப்பலகையில் ஒட்டிய தோல்பட்டை ஆகியவை போதும். கல்லின் முகம் நடுவில் குழிந்திருந்தால் அதில் தீட்டும் எந்த உளியும் நேராக வராது. கண்ணாடியின் மேல் 120 எண் தாளை நனைத்து ஒட்டி, கல்லை அதன்மேல் தேய்த்து முதலில் கல்லைத் தட்டையாக்க வேண்டும். கல்லில் பென்சிலால் குறுக்கும் நெடுக்குமாகக் கோடுகள் போட்டுக்கொண்டால், கோடுகள் அனைத்தும் மறையும் வரை தேய்க்க வேண்டும் என்பது தெளிவாகத் தெரியும்.

உளியைச் சீர்செய்யும்போது முதுகிலிருந்து தொடங்க வேண்டும். பெரும்பாலோர் சாய்வு முகத்தையே தீட்டித் தீட்டி, கூர் வரவில்லையே என்று வருந்துகிறார்கள்; முதுகு மேடுபள்ளமாக இருக்கும்வரை கூர் எப்படி வரும்? முதுகில் மார்க்கர் பேனா மையைப் பூசி, தாளில் தட்டையாக அழுத்தி நான்கு முறை தேய்த்துப் பார்த்தால் எங்கே மை அழிகிறது, எங்கே நிற்கிறது என்று தெரியும். விளிம்பை ஒட்டிய 25 மில்லிமீட்டர் சமமாக வந்தால் போதும்; முதுகு முழுவதையும் கண்ணாடியாக்குவது எஃகை வீணாக்கும் வேலை. 220, 400, 800, 1000 என்று ஏறி 2000 எண் தாளில் முடித்தால், அந்தப் பகுதியில் நம் கண்ணிமை தெரியும். இந்த வேலை ஓர் உளிக்கு ஒரே ஒரு முறைதான்; அதன்பின் பிசிர் எடுக்க மட்டும் முதுகைக் கல்லில் வைத்தால் போதும்.

அடுத்து சாய்வு. சில்வர் ஓக், பைன் போன்ற மெதுவான மரத்தைக் கையழுத்தத்தால் செதுக்கும் உளிக்கு 25 டிகிரியும், தேக்கு, ஈட்டி ஆகியவற்றில் கொட்டாப்புளியால் (மரச்சுத்தியலால்) அடித்து வேலை செய்யும் உளிக்கு 30 டிகிரியும், கழுந்துக்கு (துளைக்குள் பொருந்தும் மரமுனைக்கு) துளை போடும் கனத்த உளிக்கு 35 டிகிரியும் பொருந்தும். கோணமானி இல்லாமலே இதை அளக்கலாம். சாய்வு முகத்தின் நீளம் உளியின் கனத்தைப்போல இரண்டு மடங்கு இருந்தால் கோணம் சரியாக 30 டிகிரி. நான்கு மில்லிமீட்டர் கனமுள்ள உளிக்கு எட்டு மில்லிமீட்டர் நீளம். அதே உளியில் ஒன்பதரை மில்லிமீட்டர் இருந்தால் 25 டிகிரி. விளிம்பு பெரிதாக உடைந்திருந்தால் சொரசொரப்பான கல்லிலோ கையால் சுற்றும் சாணையிலோ பொறுமையாகத் தேய்த்து நேராக்க வேண்டும். சாணையில் வைக்கும்போது ஆட்காட்டி விரலை விளிம்புக்கு அருகிலேயே வைத்திருங்கள்; விரல் சுடுகிறதென்றால் உடனே தண்ணீரில் முக்குங்கள். எஃகு 220, 230 டிகிரியை எட்டும்போதே வைக்கோல் நிறம் தோன்றிவிடும். அந்த நிறத்தைக் கண்ட இடத்தில் நிறுத்திவிட வேண்டும்.

கல்லில் தீட்டும்போது சாய்வு முகம் முழுவதும் கல்லில் படிந்திருப்பதைக் கையால் உணர முடியும். அந்த நிலையில் மணிக்கட்டை இறுக்கி, உடலை முன்னும் பின்னும் அசைத்துத் தீட்ட வேண்டும். கை மட்டும் அசைந்தால் முகம் உருண்டுவிடும். சிறிது நேரத்தில் முதுகுப் பக்கம் விரலைக் குறுக்காக வைத்து வெளிப்புறமாக இழுத்துப் பார்த்தால், விளிம்பு நெடுக ஒரு மெல்லிய பிசிர் தட்டுப்படும். ஒரு முனையில் மட்டும் பிசிர் வந்து மறுமுனையில் வரவில்லை என்றால் இன்னும் தீட்ட வேண்டும். பிசிர் முழு அகலத்துக்கும் வந்த பிறகுதான் நயமான கல்லுக்கு மாற வேண்டும். இறுதியாக உளியை இரண்டு மூன்று டிகிரி தூக்கி நயமான தாளில் ஐந்தாறு முறை மட்டும் பின்னோக்கி இழுத்தால் விளிம்பில் நூல் அகலத்துக்கு ஒரு மினுங்கும் கோடு விழும். அடுத்த பல முறை தீட்டும்போது அந்தக் கோட்டை மட்டும் தீட்டினால் போதும். எஃகைச் சேமிக்க இதைவிடச் சிறந்த வழி இல்லை. முதுகைத் தட்டையாக வைத்துப் பிசிரை எடுத்து, தோல்பட்டையில் பத்து முறை பின்னோக்கி இழுத்து முடிக்கலாம்.

கூர் வந்ததா என்று அறிய ஜன்னல் வெளிச்சத்தில் விளிம்பை நேராக நோக்குங்கள். மழுங்கிய இடம் வெள்ளிக் கம்பி போல மின்னும். கூரான விளிம்பு கண்ணுக்கே தெரியாது. பிறகு பைன் துண்டின் குறுக்குவெட்டு முகத்தில் மெல்லச் செதுக்கிப் பார்க்க வேண்டும். இழைகள் நசுங்கி வெண்மையாகப் பிய்ந்தால் மீண்டும் தீட்ட வேண்டும். மெழுகைச் சீவியது போல வழவழப்பாக வந்தால் வேலை முடிந்தது.

இழைப்புளி

தகட்டைத் தீட்டும் முறை உளிக்குச் சொன்னதுதான்; ஆனால் இரு மூலைகளையும் சற்று மிகுதியாக அழுத்தித் தீட்டிக் கூர்மூலைகளை நீக்கிவிட்டால், இழைத்த பலகையில் வரிவரியாகத் தடம் விழாது. தகட்டின் மேல் திருகப்படும் மேல்தகட்டின் விளிம்புக்கும் தகட்டுக்கும் நடுவே வெளிச்சம் புகக் கூடாது. புகுந்தால் சுருள் அங்கே சிக்கி வாய் அடைத்துக்கொள்ளும். நய வேலைக்கு மேல்தகட்டைக் கூர்விளிம்பிலிருந்து அரை மில்லிமீட்டர் பின்னுக்கும், முதல் இழைப்புக்கு ஒன்றரை மில்லிமீட்டர் பின்னுக்கும் வைக்க வேண்டும்.

இரும்பு இழைப்புளியின் அடிப்பக்கத்தை எஃகு ஸ்கேல் வைத்துப் பார்த்தால் பெரும்பாலும் எங்காவது பள்ளம் தெரியும். முன்முனை, வாய்க்கு முன்னுள்ள பட்டை, பின்முனை ஆகிய மூன்றும் ஒரே மட்டத்தில் இருந்தால் போதும். தேய்க்க வேண்டியிருந்தால் தகட்டை உள்ளே இழுத்துக்கொண்டு, ஆனால் வழக்கம்போல இறுக்கிய நிலையிலேயே, கண்ணாடிமேல் ஒட்டிய தாளில் தேய்க்க வேண்டும். இறுக்கத்தில் உடல் சற்று வளைகிறது என்பதால், தகட்டைக் கழற்றிவிட்டுத் தேய்த்தால் அளவு தவறிவிடும். மர இழைப்புளியை எடுத்து வைக்கும்போது ஆப்பைத் தளர்த்தி வையுங்கள். மழைக்காலத்தில் ஆப்பு உப்பிக் கட்டையைப் பிளந்துவிட்ட இழைப்புளிகள் இரண்டை என் கையால் ஒட்டியிருக்கிறேன்.

ரம்பம்

பற்கள் கருநீலமாக இருக்கும் புதுவகை ரம்பங்களை அரத்தால் தீட்ட முடியாது. அவை பற்கள் மட்டும் கடினமாக்கப்பட்டவை, அரம் வழுக்கும். பழைய ரம்பத்தின் துருவை மரக்கட்டையில் சுற்றிய தாளும் எண்ணெயும் கொண்டு நீளவாக்கில் தேய்த்து எடுக்க வேண்டும். பிறகு தட்டை அரத்தைப் பற்களின் உச்சியில் நீளவாக்கில் ஓட்டி, ஒவ்வொரு பல்லின் நுனியிலும் ஒரு சிறு மினுக்குத் தெரியும் வரை உயரத்தைச் சமப்படுத்துங்கள். அடுத்து முக்கோண அரத்தால் பள்ளம் பள்ளமாகத் தீட்டும்போது, அந்த மினுக்கு மறைந்த கணத்தில் நிறுத்த வேண்டும். அதற்கு மேல் ஓர் இழுப்புகூட வேண்டாம். நீளவாக்கில் அறுக்கும் ரம்பத்துக்கு அரம் நேர்குறுக்காகவும், குறுக்கறுப்பு ரம்பத்துக்கு இருபது டிகிரி சாய்வாகவும் போக வேண்டும். பற்களை ஒன்றுவிட்டு ஒன்றாக இருபக்கமும் சாய்க்கும்போது பல்லின் மேற்பாதி மட்டுமே வளைய வேண்டும். இரண்டு வரிசைப் பற்களுக்கும் இடையிலான பள்ளத்தில் ஒரு தையல் ஊசியை வைத்து ரம்பத்தைச் சாய்த்தால், ஊசி விழாமல் கடைசி வரை வழுக்கிச் சென்றால் பற்கள் சீராக இருக்கின்றன. ஈரம் காயாத கற்பூர மரம் (யூகலிப்டஸ்) அறுக்கும் ரம்பத்துக்குச் சற்று மிகுதியான சாய்வு வேண்டும்; காய்ந்த தேக்குக்குக் குறைவாக இருந்தால் நல்லது.

பிடி

பிடி ஆடுகிறது என்று சுத்தியலையும் மண்வெட்டியையும் தண்ணீரில் ஊறப்போடுவது நம் தோட்டங்களில் வழக்கம். ஊறிய மரம் இரும்புக்குள் உப்ப இடமின்றித் தன்னையே நசுக்கிக்கொள்ளும். காய்ந்ததும் முன்னைவிடத் தளரும். அதற்குப் பதிலாகப் புதிய ஆப்பு அடிக்க வேண்டும். புதுப் பிடிக்குக் கொய்யாவும் சமவெளியிலிருந்து வரும் கருவேலமும் நன்றாக உழைக்கும். தலைமுறைகளாக இம்மலையின் கொல்லு வேலையையும் தச்சு வேலையையும் சேர்த்தே செய்துவந்த கோத்தர் பழங்குடியினரின் கருவிகளைப் பார்க்க வாய்த்தால், பிடியும் இரும்பும் சேரும் இடத்தைக் கவனியுங்கள். பிடிக்கு ஆளி விதை எண்ணெய் பூசிய துணியைக் கசக்கி மூலையில் போட்டுவிடக் கூடாது. அது தானே சூடேறித் தீப்பற்றும். விரித்து வெளியே காயவைக்க வேண்டும்.

ஈரத்திலிருந்து காத்தல்

கூடலூர்ப் பக்கம் ஜூன் முதல் செப்டம்பர் வரையிலும், குன்னூர், கோத்தகிரிப் பக்கம் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலும் மழை. மழையைவிட மூடுபனிதான் கருவிக்குப் பெரிய எதிரி. இரவெல்லாம் குளிர்ந்து கிடந்த இரும்பின்மேல் ஈரமும் வெதுவெதுப்புமான காற்று படும்போது இரும்பு வியர்க்கிறது. கதவைச் சாத்தி வைத்தால் மட்டும் இது நிற்காது. இரும்பு, சுற்றியுள்ள காற்றைவிடச் சற்றேனும் வெப்பமாக இருக்க வேண்டும். என் கருவி அலமாரியின் அடித்தட்டில், மரத்தில் படாதபடி 15 வாட் குண்டு பல்பு ஒன்றை மழை மாதங்களில் எரியவிடுகிறேன். எல்இடி பல்பு போதிய வெப்பம் தராது. பிளாஸ்டிக் உறையும் தோல் உறையும் வேண்டாம். முன்னது ஈரத்தை அடைத்துவைக்கும், பின்னதில் பதனிடும் சரக்கு எஃகை அரிக்கும்.

எண்ணெயிலும் கவனம் வேண்டும். தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறையும் என்பதால் உதகையில் ஆண்டின் பெரும்பகுதி அது புட்டியில் கட்டியாகவே நிற்கும். கடலை எண்ணெய் நாளடைவில் பிசினாகிவிடும். தையல் மெஷின் எண்ணெய்தான் ஏற்றது. நீண்ட நாள் வைக்கும் கருவிகளுக்கு, தேன்மெழுகு ஒரு பங்கும் மெஷின் எண்ணெய் மூன்று பங்கும் சேர்த்து, சுடுநீர்ப் பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரம் வைத்து உருக்கி, ஆறவைத்த களிம்பைப் பூசுகிறேன். தேன்மெழுகு 62 டிகிரிக்கு மேல் இளகிவிடும். நேரடித் தீயில் வைக்கக் கூடாது. நல்ல மெழுகு கோத்தகிரியிலேயே கிடைக்கிறது.

சீகை (வாட்டில்), கற்பூர மரம் ஆகியவற்றைப் பச்சையாக அறுத்தால் ரம்பத்தை அப்படியே வைத்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போகாதீர்கள். தோல் பதனிடப் பயன்படும் அளவுக்குச் சீகைப் பட்டையில் துவர்ப்பு உண்டு. ஈரத்தூள் ஒட்டிய இடமெல்லாம் விரைவில் கருநீலத் திட்டாகிவிடும். தூளைத் துடைத்து, எண்ணெய்த் துணியால் ஒருமுறை வருடி, விரல்தடமும் இல்லாமல் அலமாரியில் வைப்பதற்கு ஒரு கருவிக்கு அரை நிமிடம் ஆகும். ஜனவரி, பிப்ரவரி உறைபனி மாதங்களில் காற்று வறண்டு மரம் சுருங்கும். அப்போது பிடிகளையும் பூண்களையும் ஆட்டிப் பார்த்து, தளர்ந்தவற்றுக்கு ஆப்பு அடித்துவிடுவேன். மே கடைசி வாரத்தில் பெட்டி முழுவதையும் வெயிலில் பரப்பி, ஒவ்வொன்றுக்கும் புதிதாக மெழுகு பூசி, அலமாரி பல்பை மாட்டிவிடுவேன்.